என் பக்கத்துப் பிரேக்

ஜனவரி 19, திங்கள்

இது கோழிகளுக்காக அச்சடித்த டைரி. என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வருஷா வருஷம் அவருக்கு இப்படி ஒன்று கொடுப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழி வளர்ப்புக்கு ஒரு யோசனை இருக்கும். இன்றைய யோசனை: ‘கோழி காலை ஊன்றத் தயங்கினால் அலட்சியம் வேண்டாம்.’ எலும்பு டாக்டரைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த எலும்பு டாக்டர்தான் என்னை எழுதச் சொன்னார். வலது பாதம் எரிகிறது என்று போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்றார். செருப்புக்குள் வைக்க ஜெல்லி மாதிரி ஒரு மெத்தை கொடுத்தார். “எப்ப வலிக்குது, பத்துக்கு எவ்வளவு வலி, தினமும் எழுதிட்டு வாங்கம்மா” என்றார். எரிவது குதிகால் இல்லை, விரல் பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் சொல்லிக் கொடுக்கிறவள். நாமக்கல்லில் ஆண் குழந்தை தவழும்போதே லாரி ஸ்டீயரிங்கைத் தேடும் என்பார்கள். பெண் குழந்தைக்கு யாரும் காட்டுவதில்லை. அதனால் என் பிழைப்பு ஓடுகிறது. எங்கள் ஸ்கூல் காரில் இடப்பக்க சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் அவர்கள் கையில், உயிர் என் வலது காலில். அதை வெல்டிங் வைத்துப் பொருத்திய மெக்கானிக் பிரேக்கைக் கொஞ்சம் கோணலாக ஒதுக்கி வைத்துவிட்டான். அதனால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, எந்த நேரமும் அழுத்தத் தயாராக அந்தரத்தில் தூக்கியே வைத்திருப்பேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். ஒருத்தரையும் இடித்ததில்லை.

வலி: பத்துக்கு ஐந்து. பத்து எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஐந்து போடுவது, பார்க்காத மாப்பிள்ளைக்கு மார்க் போடுகிற கதைதான்.

ஜனவரி 20

ஐந்து. ஜெல்லி மெத்தை செருப்பிலிருந்து நழுவி பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டது. ஒரு நாய் கவ்விக்கொண்டு போனது. அதற்கும் குதிகால் வலி போலிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

ஊரில் எல்லாரும் டாக்டர். எங்கள் ஓனர் செங்கோட்டுவேல், “சக்கரையா இருக்கும்ங்க்கா, பாத்துருங்க” என்றான். பார்த்தேன், இல்லை. எதிர்வீட்டு லட்சுமணன் பெண்டாட்டி இடுப்பு டிஸ்க் நகர்ந்திருக்கும் என்றாள். அவளுக்குத் தலைவலி வந்தாலும் டிஸ்க்தான்.

அர்ச்சுனன் மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, உண்டியலில் போட வெள்ளித்தகட்டுக் கால் ஒன்று வாங்கி வந்தார். வாங்கிப் பார்த்தேன். இடது கால்.

“ஏனுங்க, எனக்கு எரியறது வலது கால்.”

“ஆத்தாளுக்குத் தெரியாதா புள்ள?”

“வாங்கினவருக்கே தெரியலை, ஆத்தா என்னத்தக் கண்டா?”

கோபித்துக்கொண்டு மாற்றப் போனார். கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றாராம். இப்போது அந்த இடது கால் டி.வி.க்கு மேலே நிற்கிறது. கோட்டையடியில் நம் ஆஞ்சநேயர் வெயிலும் மழையும் பாராமல் எத்தனை காலமாக நின்றுகொண்டிருக்கிறார். அவர் காலுக்கு யார் வெள்ளித்தகடு போட்டார்கள்?

ஜனவரி 24, சனி

எதிர்வீட்டுக்காரி சொன்ன வைத்தியம்: செங்கல்லை அடுப்பில் காய வைத்து, மேலே எருக்கம் இலையைப் போட்டு, அதன் மேல் பாதத்தை வைத்து ஒத்தடம். அர்ச்சுனன் பயபக்தியோடு கல்லைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். சுகமாகக் காலை ஊன்றி ஒரு சீரியல் முழுக்கப் பார்த்தேன். சூடு சரியாக இல்லை, இன்னும் காய்ச்சியிருக்கலாம் என்றேன். எவ்வளவு சூடு என்று பார்க்க அவர் தன் காலை வைத்தார். ஐயோ என்று துள்ளி சோபாவில் ஏறிக்கொண்டார். ஆம்பளைகளுக்குக் கொஞ்சமும் பொறுக்காது.

ஜனவரி 25

பாதத்தின் நடுவில் பெரிய கொப்புளம். புதுச் செருப்பு கடித்திருக்கும்.

ஜனவரி 29, வியாழன்

இன்று ஜெயக்கொடி அக்காவுக்கு வகுப்பு. அவரைப் பற்றி எழுதவேண்டும். திருச்செங்கோடு ரோட்டில் முட்டை மொத்த வியாபாரம். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறார், நான்கு சக்கரச் சின்னச் சரக்கு வண்டிதான். ஓட்டுகிற டிரைவர் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை, வந்தால் பாதி முட்டை உடைகிறது. “நானே ஓட்டிப்போட்டா எந்த நாயையும் கெஞ்ச வேண்டாமுங்களே டீச்சர்” என்று சேர்ந்தார்.

சேர்ந்ததிலிருந்து ஓட்டுகிறார், ஓட்டுகிறார், ஓட்டிக்கொண்டே இருக்கிறார். தைரியத்துக்குக் குறைவில்லை. எதிரில் பஸ் வந்தால் பஸ்தான் ஒதுங்க வேண்டும். பிரேக் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வராது. எப்படி வரும்? அவர் கால் நகர்வதற்குள் நான் போட்டுவிடுவேன். வண்டி தானாக நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

போன மாதம் லைசென்ஸ் டெஸ்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் உதவினேன். எல்லா ஸ்கூலிலும் செய்கிறதுதான். பின் சீட்டிலிருந்த இன்ஸ்பெக்டர் எட்டி என் காலைப் பார்த்துவிட்டார். “லைசென்ஸ் யாருக்கும்மா? அவங்களுக்கா, உங்களுக்கா?” என்று கேட்டு இரண்டு பேரையும் வெயிலில் இறக்கிவிட்டார். மறுபடி டெஸ்ட் பிப்ரவரி கடைசியில்.

வலி: மூன்று. எரிச்சல் குறைந்திருக்கிறது. விரல்கள் மரத்த மாதிரி இருக்கின்றன, அவ்வளவுதான். குணமாகிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

மோகனூர் ரோடு. ஜெயக்கொடி அக்கா ஓட்டுகிறார். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்பக்கம் கழிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று நின்றுவிட்டது. நான் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கரும்பு நுனி கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா அக்கா? நான் மட்டும் பிரேக் போடலைன்னா இன்னிக்கு கரும்பு நம்ம வாய்க்குள்ளதான்” என்று கத்தினேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “ஆமாங் டீச்சர், நல்ல வேளைங்” என்றார்.

இறங்கும்போது பார்த்தேன். என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், கீழே விரித்த மிதியடியின் மேல் இருந்தது. ரப்பர் மிதியடி சுருண்டு கிடந்தது. குலுக்கலில் கால் நகர்ந்திருக்கும்.

பிப்ரவரி 5

ஓனரிடம் புது மிதியடி கேட்டேன். இது வழுக்குகிறது.

பிப்ரவரி 9, திங்கள்

செருப்புதான் தொந்தரவு என்று வெறுங்காலோடு உட்கார்ந்தேன். இருந்தாலும் கால் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டேன்.

“என்னங் தேடறீங்க டீச்சர்?” என்றார் ஜெயக்கொடி அக்கா.

“கம்மல் விழுந்துடுச்சுக்கா.”

“ரெண்டு காதுலயும் இருக்குதுங்களே.”

ஓட்டும்போது ரோட்டைப் பார்க்க வேண்டும், டீச்சர் காதைப் பார்க்கக் கூடாது என்று திட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அக்கா நன்றாக முன்னேறிவிட்டார். சிக்னலில் வழுக்கிக்கொண்டு போய் அழகாக நிற்கிறது வண்டி. என் பயிற்சி.

கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. நடந்தால் வலிக்கவில்லை. வலி: இரண்டு.

பிப்ரவரி 11, புதன்

அர்ச்சுனன் புண்ணைப் பார்த்துவிட்டார். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கோழிக்கு இப்படி இருந்தால் கம்பெனி உடனே ஆள் அனுப்பும் என்றார். சரி, சேலத்தில் காலுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், போய்த் தொலைவோம்.

பிப்ரவரி 13, வெள்ளி

டாக்டர் ஷகிலா. குள்ளம், கண்ணாடி, சிரிப்பதில்லை. புண்ணைப் பார்த்து, “எப்படி வந்தது?” என்றார்.

“செருப்பு கடிச்சிருச்சு.”

“செங்கல்லுங்க” என்றார் அர்ச்சுனன். காட்டிக்கொடுப்பதற்கென்றே கூட வருகிற ஆள்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். “பஞ்சால தொடுவேன். எந்த விரல்னு சொல்லுங்க.”

“கட்டை விரல்” என்றேன்.

“நான் இன்னும் தொடவே இல்லைம்மா.”

மறுபடி மூடினேன். “இப்போ நடு விரல்.” அர்ச்சுனன் பக்கத்தில் உச்சுக்கொட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தபோதுகூட இவ்வளவு கேவலப்பட்டதில்லை.

அப்புறம் கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு விரலால் தட்டினார். சும்மா கதவைத் தட்டுவது போலத்தான். பாதத்துக்குள் கரண்ட் பாய்ந்தது. விரல் நுனிவரை சுளீரென்று போனது. நான் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து ஓடியிருப்பார்கள்.

“இங்கதான்” என்றார் டாக்டர்.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வண்டியில் உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. என் கால் தானாகத் திரும்பி, தூக்கிக்கொண்டு, இல்லாத பிரேக்கை அழுத்தியது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

விஷயம் இதுதான். கணுக்காலின் உள்பக்கம் ஒரு சந்து இருக்கிறது. பாதத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அதற்குள்தான் போகிறது. மேலே பட்டையாக ஒரு நார், பெல்ட் போட்ட மாதிரி. சந்து நெருங்கினால் நரம்பு நசுங்கும். முதலில் எரியும், பிறகு மரத்துப் போகும். எரிச்சல் குறைந்தது குணமானதால் இல்லையாம். குதிகால் முள் பாவம், அதுபாட்டுக்கு இருக்கிறதாம்.

அடுத்த அறையில் காலில் ஒயர் ஒட்டி, குட்டிக் குட்டி ஷாக் கொடுத்து நரம்பு ஓடுகிற வேகம் பார்த்தார்கள். என் நரம்பு சந்துக்கு வந்ததும் டவுன் பஸ் வேகத்துக்கு இறங்கிவிடுகிறதாம். ஸ்கேனில் சந்துக்குள்ளேயே ஒரு நீர்க்கட்டி, சுண்டைக்காய் அளவு. அது ஒரு பக்கம் அழுத்த, நான் காலைக் கோணிக்கொண்டே உட்கார்ந்தது மறுபக்கம்.

“கட்டி இல்லைன்னா மாத்திரை, ஊசி, செருப்புக்குள்ள ஒரு தாங்கல்னு பாத்திருக்கலாம். இது இருக்கறதால திறந்து எடுக்கணும். நார்ப்பட்டையையும் வெட்டி நரம்புக்கு இடம் விடணும்.”

“உணர்ச்சி திரும்ப வந்துருமுங்களா?” அர்ச்சுனன்தான் கேட்டார்.

“மெதுவா வரலாம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது.” பிறகு என்னிடம் திரும்பினார். “எத்தனை நாளா பிரேக் தெரியலை?”

“தெரியுதே டாக்டர்.”

“அழுத்தற பலம் உங்களுக்கு இருக்கு. எதை அழுத்தறீங்கன்னு கால் சொல்லாது. இனி அந்த சீட்ல உக்காராதீங்க.”

வரும் வழியில் பஸ் ராசிபுரத்தைத் தாண்டியது. மோகனூர் ரோடு ஞாபகம் வந்தது. சுருண்டு கிடந்த மிதியடி. பயமாக இருந்தது. ஊரில் என்னை டிரைவிங் டீச்சர் என்கிறார்கள். நான் டீச்சர் இல்லை, ஒரு வலது கால். அது போனால் ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பத்துக்குப் போட்டோ ஒட்ட வேண்டியதுதான். வாய் விட்டு அழுதேன். அர்ச்சுனன் பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. அதற்காக இடது கால் வாங்கினதை மன்னித்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

காரை ஸ்கூல் வாசலிலிருந்து எடுக்க விடவில்லை. எஞ்சினைப் போடாமல் ஜெயக்கொடி அக்காவை உட்கார வைத்துச் சொன்னேன்: “என் பக்கத்துப் பிரேக்கை இனி நம்பாதீங்க. எனக்குக் கால் தெரியலை.”

“தெரியுங் டீச்சர்.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு கரும்பு டிராக்டர்ல நாந்தான பிரேக்கு போட்டேன். உங்க காலு அந்தப் பக்கம் எதையோ மிதிச்சுட்டு இருந்துச்சுங்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க செவந்து போயி, பெரிசாக் காப்பாத்தின மாதிரி கத்துனீங்க. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன். அன்னிலிருந்து நானேதான் போட்டுக்கறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கு முன்னால எனக்கு பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியாதுங்.”

இதை எழுதவே கை வரவில்லை. பன்னிரண்டு வருஷம் எத்தனை பெண்களுக்கு நான் பிரேக் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால், அவர்கள் இப்போது எப்படி ஓட்டுகிறார்களோ, எதிரில் வருகிறவர்களை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

செங்கோட்டுவேலிடமும் சொல்லிவிட்டேன். வெளிறிப்போனான். “ஏனுங்க்கா, இத்தன நாளா வண்டி சாமி புண்ணியத்துலயா ஓடிருக்குது?” என்றான். “இல்லை தம்பி, முட்டைக்காரம்மா புண்ணியத்துல” என்றேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. போட்டோவும் பசையும் எடுத்து என் மேஜையில் வைத்தான். காலுக்கு உணர்ச்சி திரும்பினால் சீட், இல்லாவிட்டால் பசை.

பிப்ரவரி 16

பசை.

பிப்ரவரி 25, புதன்

ஜெயக்கொடி அக்காவுக்கு டெஸ்ட். பக்கத்தில் உட்காரப் புது மாஸ்டர் போனார். நான் ஆபீசில் உட்கார்ந்து ஒருவர் போட்டோவை இன்னொருவர் விண்ணப்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதே இன்ஸ்பெக்டராம். மாஸ்டரைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, தானே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குறுக்கே ஒரு ஆடு வந்திருக்கிறது. அக்கா நிறுத்தியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் கால் அசையவே இல்லை என்று அக்காவே போன் செய்து சொன்னார், கோயில் தேரை நிறுத்திய பெருமையோடு.

பாஸ்.

சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும். இந்த எரிச்சலுக்குப் பத்துக்கு ஆறு.

மார்ச் 5, வியாழன்

இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டு ஆபரேஷன். இரண்டு காலும் தெரியவில்லை என்றதும் ஒரு நியாயம் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நர்சிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில், “வந்துருச்சு, சுண்டைக்காய்” என்றார். வத்தக்குழம்புக்கு ஆகுமா என்று கேட்டேன். கை ஆடிவிடும், என்னைச் சிரிக்க வைக்காதீர்கள் என்றார்.

மார்ச் 9

காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தே கிடக்க வேண்டும். அர்ச்சுனன் சமையல். ரசத்துக்கு வலி: பத்துக்கு எட்டு.

மார்ச் 21, சனி

தையல் பிரித்தார்கள். புண் சுத்தமாக ஆறியிருக்கிறது. டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சை எடுத்தார். இந்த முறை ஊகிக்கவில்லை. தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ஐந்து விரலுக்கும் அதே பதில். “பொறுங்க” என்றார். பொறுத்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 2

சித்திரை வெயில் பங்குனியிலேயே வந்துவிட்டது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பேதான். ஆனால் தெரிந்ததா, பார்த்ததால் தெரிந்த மாதிரி இருந்ததா? ஏமாந்தால் தாங்காது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, சனி

சேலத்தில் மறுபடி காட்ட வேண்டிய நாள். பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று ஜெயக்கொடி அக்கா குட்டியானையோடு வாசலில் வந்து நின்றார். சேலத்தில் இறக்க வேண்டிய முட்டை பின்னால் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. அர்ச்சுனனுக்கு இடமில்லை. அவருக்கு உயிர்மேல் ஆசை, வற்புறுத்தவுமில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். என் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில், நான் சொல்லிக்கொடுத்த ஒருத்தர் ஓட்ட, நான் உட்காருவது இதுதான் முதல் தடவை. அக்கா ஒழுங்காகத்தான் ஓட்டினார். முட்டை இருக்கிறது என்பதால் பிரேக்கைப் பூப்போலத் தொட்டார். இருந்தாலும் ஆண்டகளூர் கேட் பக்கம் ஒரு பஸ் குறுக்கே ஒடித்தபோது என் கால் எழும்பித் தரையை ஓங்கி மிதித்தது.

“டீச்சர், அங்க பிரேக்கு இல்லீங்” என்றார் அக்கா. வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

நான் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குனிந்து பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கட்டை விரலுக்கு அடியில் கரகரவென்று ஏதோ இருந்தது. பக்கத்து விரலுக்கு அடியில் மிதியடியின் வரி, ஒன்று, இன்னொன்று. விரலை அசைத்தேன். வரி நகர்ந்தது.

“அக்கா, வண்டியைக் கூட்டவே மாட்டீங்களா? கீழ ஒரே மணல்.”

“நேத்து ஆத்துப் பக்கம் போனதுங்…” என்று ஆரம்பித்தவர் என் வெறுங்காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “மணலு தெரியுதுங்களா?”

“குத்துது.”

அவ்வளவுதான். வண்டி அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. ஜெயக்கொடி அக்கா, “அட என்ற சாமி!” என்று சடாரென்று பிரேக்கை மிதித்து, என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பின்னால் மடமடவென்று சத்தம். கதவிடுக்கில் மஞ்சள் ஒழுகிற்று. ஹாரன் அடித்த லாரிக்காரன் இரண்டு பொம்பளைகள் அழுவதைப் பார்த்து, சாவு வீட்டு வண்டி என்று நினைத்து ஒதுங்கிப் போனான்.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பிரேக்கை அப்படி அழுத்தி மிதிக்கக் கூடாது என்று. திங்கட்கிழமை அக்காவுக்கு முதல் பாடமே இதுதான்.